கை சொன்னது எட்டு

இந்த ஊரில் மருந்துக்கடைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எடையைக் கேட்கிறார்கள். நியூசிலாந்தில் ஹாமில்டன் என்கிற ஊர் இது. மகன் வீட்டுக்கு நான் வந்து பதினாலு வருஷம் ஆகிறது. போன குளிர்காலத்தில் மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்த நேரம் சின்னப் பேத்திக்கு உடம்பு சுட்டது. கடை தெருமுனையில்தான். அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனேன். கடைக்காரப் பெண் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டுச் சிரித்துவிட்டு, எத்தனை கிலோ என்று என்னைக் கேட்டாள். கேள்வி எனக்குப் புரிந்தது. பதிலும் தெரியும். காலையில்தான் இடுப்பில் வைத்திருந்தேன், பதினாலு. ஆனால் வாய் திறக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னும் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள். மூட்டை தூக்குவதுபோல் செய்தும் காட்டினாள். நான் அந்த எடை பார்க்கிற மிஷினைக் கை காட்டினேன். பேத்தியை அதில் நிற்கவைத்தார்கள். பதினாலும் ஒரு பிசிறும் காட்டியது. அதன்படி கணக்குப் போட்டு, மருந்துக் குழாயில் பேனாவால் ஒரு கோடு கிழித்து, இதுவரைக்கும்தான் என்று கொடுத்தாள். சாயங்காலம் மருமகள் கேட்டுவிட்டு, தோராயமாகச் சொல்லியிருக்கலாமே அத்தை என்றாள். நான் தோராயம் சொல்வதை விட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அதற்கு மேல் கற்றதெல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் பஸ் பலகையிலும் பார்த்துக் கற்றதுதான். இருந்தாலும் இதை யாரையும் எழுதச் சொல்லாமல் என் கையாலேயே எழுதுகிறேன். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். புளியும் மிளகாய் வற்றலும் நிறுத்து விற்கிற வீட்டில் பிறந்தேன். எட்டு வயதில் ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கினால் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அப்பா தராசில் போட்டுப் பார்ப்பார், சரியாக இருக்கும். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. படிக்காதவளுக்குக் கடவுள் கொடுத்த ஒரு வித்தை அது. கல்யாணமாகி, வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து நெய்வேலிக்கு வந்தோம். நகரியத்து க்வார்ட்டர்ஸ் எல்லாம் பர்மனெண்ட் ஆட்களுக்கு. எங்களுக்கு மந்தாரக்குப்பத்தில் ஓட்டு வீடு, வாடகைக்கு. அங்கே ஒரு டாக்டர் அம்மா பத்துக் கட்டில் போட்டுச் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். இப்போது அந்தக் கட்டடமே இல்லை. எனக்கு அதில் வார்டு ஆயா வேலை. பெருக்குவது, துடைப்பது, கண்ணாடி ஊசிக் குழாய்களைக் கொதிக்க வைப்பது. நர்ஸ் என்று ஒருத்தி, நாகர்கோவில்காரி லில்லி சிஸ்டர். கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத கான்ட்ராக்ட் ஆட்கள் வீட்டுப் பிள்ளைகளும் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும்தான் எங்களிடம் வருவார்கள்.

அங்கே பிள்ளையைத் தராசில் வைக்கத் தாய்மார் சம்மதிக்க மாட்டார்கள். நாலு பேர் முன்னால் எடை சொன்னால் கண்பட்டுவிடும், பிள்ளை தேய்ந்துபோகும் என்பார்கள். பிள்ளையின் எடை அந்த வீட்டு மானம். கூடினாலும் வெளியே சொல்லக் கூடாது, குறைந்தாலும் சொல்லக் கூடாது. ஒரு நாள் டாக்டர் அம்மா அலுத்துப்போய் நின்றபோது, நான் தூக்கிப் பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். அன்றைக்கு வந்த ஐந்து பிள்ளைகளைத் தூக்கி அவர் காதோடு சொன்னேன். இரண்டு தாய்மாரைக் கெஞ்சித் தராசிலும் வைத்துப் பார்த்தார். ஒரு கைப்பிடி அரிசிகூட வித்தியாசமில்லை. அதற்கப்புறம் தராசுக்கு உறை போட்டுவிட்டார்கள் என்றே சொல்லலாம். ஆயாம்மாவைக் கூப்பிடு என்பதுதான் பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா கொத்தவரங்காயைக் கொண்டுவந்து நீட்டி, "கடைக்காரன் அரைக்கிலோன்னு குடுத்தான், உன் கோர்ட்டுல தீர்ப்பு சொல்லு" என்பாள். எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

அஞ்சலையை அப்போதுதான் பார்த்தேன். அது அவள் சொந்தப் பெயர் அல்ல, மாற்றி எழுதுகிறேன். வளையமாதேவிப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். இருபது வயதுகூட இருக்காது. இரண்டு வயதுப் பெண் பிள்ளை, தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் மூளைக்கு ஏறிக் கழுத்து விறைத்துக் கிடந்தது. டிபி கிருமிதான் மூளைக்குப் போயிருக்கிறது, இரண்டு மாதமாவது தினமும் ஊசி போடவேண்டும் என்றார் டாக்டர் அம்மா. அஞ்சலைக்குப் பின்னாலேயே மாமியார் நின்றாள். அஞ்சலைக்கு முதல் பிள்ளை ஏற்கெனவே தவறியிருந்தது. இவள் பால் விஷம், பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியாதவள் என்று அந்த அம்மாள் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். தராசை எடுக்கப் போனபோது மறித்துவிட்டாள். பிள்ளை பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் போடுவதாகக் கோயிலுக்கு வேண்டியிருக்கிறதாம். சாமியின் தராசில் ஏறுவதற்கு முன்னால் வேறெந்தத் தராசிலும் ஏற்றக்கூடாதாம். டாக்டர் அம்மா என்னைப் பார்த்தார்.

போர்வையோடு வாங்கி, போர்வையைக் கழித்துவிட்டுக் கையை நிதானித்தேன். எட்டு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு எட்டு என்றால் வற்றிப்போன உடம்பு. சொல்ல வாயெடுத்தேன். அந்த மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க ஆயாம்மா, எல்லாரும் கேக்கட்டும். இவ எம் பேத்தியை இன்னா லட்சணத்துல வளத்துகினு இருக்கான்னு தெரியட்டும்" என்றாள்.

அஞ்சலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு நின்றாள். நான் பதினொன்று என்றேன். நல்லாத்தான் வளர்த்திருக்கிறாள், நோய் வந்தால் அவள் என்ன செய்வாள் என்றும் சேர்த்துச் சொன்னேன். மாமியார் வாயடைத்துப் போனாள். அந்த ஒரு சொல்லில் அஞ்சலை தரையில் உட்கார்ந்து அழுத அழுகை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. லில்லி சிஸ்டர் சீட்டில் பதினொன்று என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னைத் தனியே அழைத்து, பதினொன்றா, பார்த்தால் அவ்வளவு தெரியவில்லையே என்றாள். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். ஆனால் என் கையைச் சந்தேகப்பட்டாளே என்று எனக்குச் சுருக்கென்றது. "இத்தனை பிள்ளையில ஒண்ணாவது தப்பா சொல்லியிருக்கேனா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். சீட்டில் பெயர், ஊர், வயது எழுதுகிறார்கள், அதுபோல எடையும் ஒன்று, யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன். எடைக்கும் மருந்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை, சின்னவர்களுக்கு அரை மாத்திரை, அதுதான் நான் அறிந்த கணக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே மூத்த பேத்திக்குத் தொண்டையில் சதை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன். ஊசி மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஒரு நர்ஸ் கணக்குப் போட்டாள். பிறகு இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். அவள் முதல் கணக்கைப் பார்க்காமல், வேறு தாளில் தானாகப் போட்டாள். இரண்டையும் ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு அந்த முதல் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு வயதானவளை நம்பாமல் சின்னவளை விட்டுச் சோதிக்கிறார்களே என்று மனசு பொறுக்காமல் அவள் கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், யூ குட் நர்ஸ், டோண்ட் க்ரை என்றேன். அவள் விழித்தாள். மகன் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளிடம் விளக்கினான். அவள் சிரித்து, முப்பது வருஷமாக நான் போட்ட கணக்கை யாராவது ஒருவர் திரும்பப் போட்டுத்தான் பார்க்கிறார்கள், அதனால்தான் வீட்டுக்குப் போனால் தூக்கம் வருகிறது என்றாளாம். மகன் அதைத் தமிழில் சொன்னபோது நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் என்னை எல்லோரும் நம்பினார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஊசி ஆரம்பித்துப் பன்னிரண்டாம் நாள் காலை. நான் ஊசிக் குழாய்களைக் கொதிநீரிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். லில்லி சிஸ்டர் பக்கத்தில் நின்று நோட்டில் பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் என்ன கணக்கு சிஸ்டர், பால்காரன் கணக்கா என்று கேலியாகத்தான் கேட்டேன். "மருந்துக் கணக்குதான் ஆயாம்மா. இதுக்கு வயசு கிடையாது, எடைதான். கிலோவுக்கு முப்பது மில்லிகிராம். உங்க பதினொண்ணை முப்பதால பெருக்கினா முந்நூத்தி முப்பது. குழாய்ல இந்தக் கோடு வரைக்கும்" என்று காட்டினாள். கூடிப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். இந்த மருந்து கூடினால் காதைத் தின்றுவிடும் என்றாள். எனக்கு அப்போது எழுதப் படிக்கத்தான் சரியாக வராது, கணக்கு வரும். எட்டை முப்பதால் பெருக்கினேன். இருநூற்று நாற்பது. பன்னிரண்டு நாளாகத் தினமும் அந்தப் பிள்ளை உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடுதலாக ஏறியிருக்கிறது.

அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். சிஸ்டர், நான் பொய் சொன்னேன், எட்டுதான் என்று. ஐந்து சொல். சொன்னால் அஞ்சலையின் மாமியார் காதுக்குப் போகும் என்பது ஒன்று. அதை நான் எனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு. ஆயாம்மாவின் கை பொய் சொல்லாது என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அதைத் தவிர எனக்கு அங்கே என்ன இருந்தது? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாரத்துக்கு ஒருமுறை தனத்தைத் தூக்கி எடை சொல்லவேண்டும். முதல் வாரமும் பதினொன்றுதான் சொல்லியிருந்தேன். அந்த வாரம் பத்து என்றேன். அடுத்த வாரம் ஒன்பது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் மருந்தும் சரியாகிவிடும், என் பெயரும் நிற்கும் என்று பார்த்தேன்.

டாக்டர் அம்மா சீட்டை வாங்கி விரல் வைத்துப் படித்தார். பதினொன்று, பத்து, ஒன்பது. "ரெண்டு வாரத்துல ரெண்டு கிலோ போயிருக்கு சிஸ்டர், மருந்து பத்தலை" என்றார். கிலோவுக்கு நாற்பதாக ஏற்றச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மனசுக்குள் பெருக்கினேன். ஒன்பதை நாற்பதால் பெருக்கினால் முந்நூற்று அறுபது. கோடு இறங்கும் என்று நான் காத்திருந்த குழாயில் மறுநாள் கோடு ஏறியிருந்தது. அடுத்த வாரம் எட்டு என்று சொல்லப் பயமாக இருந்தது, இன்னும் மெலிகிறது என்று மேலும் ஏற்றிவிட்டால் என்ன செய்வது? ஒன்பதிலேயே நின்றேன். ஒவ்வொரு காலையும் சொல்லிவிடலாம் என்று வீட்டிலிருந்து கிளம்புவேன். ஷிப்டு முடிந்து நிலக்கரித் தூசியோடு சைக்கிளில் வருகிறவர்களைத் தாண்டி நடக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். ஆஸ்பத்திரி வாசலில் அஞ்சலை, "வாங்கக்கா, உங்களைப் பாத்தாதான் எனக்குத் தெம்பு" என்பாள். சொல் உள்ளேயே போய்விடும்.

பிள்ளை தேறியது. அதுதான் கொடுமை. காய்ச்சல் விட்டது, கழுத்து திரும்பியது, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது. நடக்கும்போது மட்டும் சாய்ந்தது. படுக்கையிலேயே கிடந்ததால் என்றார்கள். ஒரு நாள் நான் சுத்தம் செய்த சாமான்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தேன். தனம் தரையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தட்டு கை நழுவி அவளுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்தது. வார்டே திடுக்கிட்டது. கைக்குழந்தைகள் அலறின. தனம் துணியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்றோடு ஊசியை நிறுத்தினார்கள். டாக்டர் அம்மா அஞ்சலையை உட்காரவைத்து, இந்த நோய் வந்து பிழைக்கிற பிள்ளைகளுக்குக் காது போவது உண்டு, ஊசியாலும் போவது உண்டு, எதனால் என்று சொல்ல முடியாது, உயிர் மிஞ்சியதே பெரிது என்றார். அஞ்சலை அவர் காலிலும் விழுந்தாள், என் காலிலும் விழுந்தாள். வேண்டுதல் நிறைவேற்றும் அன்று என்னையும் கூட்டிப் போனார்கள். கோயில் தராசில் ஒரு பக்கம் தனம், மறுபக்கம் வெல்லம். எட்டரை என்று கோயில்காரர் உரக்கச் சொன்னார். மாமியார் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, பதினொண்ணா இருந்த புள்ளையை நோவு எப்பிடித் தின்னுட்டுது" என்றாள். ஆமாம் என்றேன். கையில் கொடுத்த வெல்லத்தை விழுங்கிவிட்டு வந்தேன். மறு வாரம் வேலையை விட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்று காரணம் சொன்னேன். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் எடையையும் நான் சொன்னதில்லை.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் மகனோடு இங்கே வந்தேன். வந்த புதிதில், தூரமாக வந்துவிட்டோம், இனி இது தேய்ந்துவிடும் என்று நினைத்தேன். இங்கே வந்து சேர்ந்து இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கும் அந்த நினைப்பு இருக்கும். தேயவில்லை. இங்கே பால் பாட்டில், தபால் பார்சல், பெட்டி, நாய்க்குட்டி எல்லாவற்றிலும் எடை எழுதி வைத்திருக்கிறார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு மந்தாரக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அஞ்சலையின் வயலைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டதால், அவர்கள் அங்கேயே வாடகைக்கு வந்துவிட்டிருந்தார்கள். தனத்துக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. வாசலில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். கல்யாணமாகவில்லை. என் முகத்தைப் பார்த்ததும், நான் யார் என்று அம்மா கையால் காட்டியதும், ஓடி வந்து என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் காபி போட உள்ளே போனபோது அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு, பதினொன்று, பத்து, ஒன்பது. ஒன்றையும் விடவில்லை.

அஞ்சலை உள்ளே தனம் இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு சத்தம் போடாமல்தான் பேசினாள்.

"அன்னிக்கு எட்டுன்னு சொல்லியிருந்தா எங்க மாமியா என்னைத் தள்ளி வச்சிருக்கும்கா. வேற பொண்ணு பாத்து வச்சிகினு இருந்தாங்க. உங்க ஒரு வார்த்தையாலதான் நான் அந்த வூட்ல இருந்தேன். இத்தனை வருசமா உங்களை நெனச்சிகினு விளக்கு ஏத்துனேன்." நிறுத்தினாள். "இனிமே நான் வாழ்ந்ததுக்கு எம் பொண்ணு காது குடுத்துதான்னு தினம் தினம் நெனைக்கணும். நீங்க சொல்லிட்டீங்க, ப்ளேன் ஏறிடுவீங்க. நான் இதை வச்சிகினு எங்க போவேன்?"

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது.

"அவளுக்குத் தெரிய வேணாம். நீங்களும் இனிமே வராதீங்கக்கா" என்றாள். தனம் காபி கொண்டுவந்தாள். மூன்று பேரும் குடித்தோம். கிளம்பும்போது தனம் என் போன் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். அஞ்சலை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தடுக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தனம் வீடியோவில் கூப்பிடுகிறாள். காது வேண்டாத போன் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அங்கே காலை, இங்கே வெயில் சாய்கிற நேரம். தான் தைத்த ரவிக்கைகளைக் காட்டுவாள், போனைத் திருப்பித் தெருவைக் காட்டுவாள். பஸ் போகும், தண்ணீர் லாரி போகும், வீட்டு ஓடுகளுக்கு மேலே புகை போகும். பின்னால் அஞ்சலை வாளியோடு கடந்து போவாள், போன் பக்கம் திரும்ப மாட்டாள். கைப் பேச்சில் நானும் கொஞ்சம் தேறிவிட்டேன். ஒவ்வொரு வாரமும் முடிக்கும் முன்னால் தனம் என்னைச் சுட்டி, விரலைத் தன் வாசல் பக்கம் இழுத்து, எப்போது வருவீர்கள் என்று கேட்கிறாள். திரையின் பெரிய கட்டத்தில் அவள் தெரு ஓடிக்கொண்டிருக்கிறது. மூலையில் சின்னக் கட்டத்தில், அந்தத் தெருவின்மேல் ஒட்டினதுபோல் என் முகம். நான் கண்ணைக்கூட இமைக்காமல், கையைத் தூக்கினது தூக்கினபடி உட்கார்ந்துகொள்கிறேன். லைன் சரியில்லை, படம் நின்றுபோய்விட்டது என்று நினைத்து, அவள் சற்று நேரம் என்னைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனை வைக்கிறாள்.